சுண்ணாம்பில் சிவக்காத மஞ்சள்

ஜன்னல் ஓரம் நீயே உட்கார்ந்துகொள் அம்மிணி. எனக்குக் காற்று பட்டால் காது வலிக்கும். இல்லையில்லை, முன் சீட்டில் இருக்கிற அவரிடம் பின்னால் வரச் சொல்லிக் கேட்க வேண்டாம். கேட்டாலும் வர மாட்டார். முன்பின் தெரியாத பொம்பளை பக்கத்தில் எப்படி உட்காருவது என்று அவராகத்தான் முன்னால் போய் உட்கார்ந்தார். மரியாதை தெரிந்த மனுஷர். பார், திரும்பிப் பார்க்கிறார். நான் பார்க்காத மாதிரி இருக்கிறேன். நீயும் அப்படியே இரு.

திரும்பிக்கொண்டாரா? சரி.

அவர் என் வீட்டுக்காரர்தான். கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷம் ஆகிறது. ஆனால் அது அவருக்குத் தெரியாது.

சிரிக்கலாம் அம்மிணி, நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். நானே காலையிலிருந்து சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் சிரிப்பு அடங்காமல் புரையேறி, டாக்டரம்மா தண்ணீர் கொடுத்தார். வயசு அறுபத்து மூன்று. இந்த வயசில் இப்படிச் சிரித்தால் பார்க்கிறவர்கள் என்னைத்தான் வைத்தியத்துக்குக் கூட்டி வந்திருக்கிறார்கள் என்று நினைப்பார்கள்.

இந்தப் பை என் மடியிலேயே இருக்கட்டும். கீழே வைக்கக் கூடாது, மருந்து. மஞ்சளிலிருந்து எடுத்த மருந்து, ஆறு புட்டி. நாளைக் காலையிலிருந்து அவருக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கொடுத்து, அது பலித்தால், அவருக்கு நான் யாரென்று தெரிந்துவிடலாம். அதைத்தான் கோயமுத்தூரிலிருந்து யோசித்துக்கொண்டு வருகிறேன். நீ ஏறின அவினாசியும் தாண்டிவிட்டது. இன்னும் யோசித்து முடியவில்லை.

கொடுக்கத்தான் வேண்டும். அதில் சந்தேகமில்லை. கொடுக்காமல் என்ன. சும்மா யோசிக்கிறேன், அவ்வளவுதான்.

அவர் ஈரோட்டு மஞ்சள் மண்டியில் இருந்தவர். வருகிற மூட்டையில் மாதிரி எடுத்துப் பார்த்துத் தரம் சொல்வது அவர் வேலை. விரலி மஞ்சள் ஒன்றை எடுத்து இப்படி ஒடிப்பார். ஒடிகிற சத்தம் வெண்கலத்தைத் தட்டினது போல் கேட்க வேண்டும். அப்புறம் மூக்கருகில் கொண்டுபோவார். இது கொடுமுடிப் பக்கம், இது சத்தியமங்கலத்துக் காடு, இது வேகவைக்கும்போது அவசரப்பட்டுவிட்டார்கள் என்று சொல்லிவிடுவார். வியாபாரிகள் அவர் மூக்கைப் பார்த்துத்தான் விலை கேட்பார்கள். சட்டையில், தலைமுடியில், அவர் தூங்குகிற பாயில் எல்லாம் மஞ்சள் வாசம். பிள்ளைகள் சின்னதாக இருக்கும்போது அப்பா வந்துவிட்டார் என்று வாசத்தை வைத்தே சொல்லிவிடும்.

வீட்டில் பேச மாட்டார். தப்பாக நினைக்காதே அம்மிணி. அடித்ததில்லை, வைததில்லை, குடி கிடையாது. பேச்சுதான் கிடையாது. சோறு, தண்ணி, சாவி. இந்த மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டே ஒரு குடும்பத்தை நடத்தினார். என் பேரை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. "இந்தா" என்பார். நான் திரும்புவேன். பெரியவன் பூபதி பிறந்தபோது, சம்சாரத்தின் பேர் என்ன என்று நர்சு கேட்டதற்கு, உள்ளேதானே இருக்கிறாள், அவளிடமே கேளுங்கள் என்றாராம். நான் உள்ளே வலியோடு கேட்டுக்கொண்டு கிடந்தேன். ஒருவேளை இவருக்கு என் பேர் தெரியாதோ என்று அன்றைக்கே ஒரு சந்தேகம் வந்தது.

பூவாத்தாள். என் பேர். அவர் பேரை நான் சொல்லக் கூடாது. நாச்சி என்று ஆரம்பித்து முத்து என்று முடியும். நீ சேர்த்துக்கொள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் மண்டியில் மஞ்சளை ஒடித்து மூக்கில் வைத்தவர், வைத்தபடியே வெகு நேரம் நின்றாராம். அப்புறம் பக்கத்தில் இருந்தவரிடம், இது என்னங்க என்று கேட்டாராம். மண்டியே சிரித்திருக்கிறது. அவர் தமாஷ் பண்ணி யாரும் பார்த்ததில்லை, அதனால் ரொம்பவே சிரித்துவிட்டார்கள். மறுவாரம் வீட்டுக்கு வருகிற வழி தெரியாமல் மேட்டூர் ரோட்டில் நின்றிருந்தார். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

படம் எடுத்துப் பார்த்து, அல்சைமர் என்று ஒரு பேர் சொன்னார்கள். மூளைக்குள் ஏதோ கசடு படிகிறதாம். எண்ணெய்ச் சட்டி அடியில் படிவது போல என்று நானாகப் புரிந்துகொண்டேன். சட்டியென்றால் தேய்த்துக் கழுவ வழி இருக்குமே என்று கேட்டேன். அப்படி ஒன்றும் இன்னும் வரவில்லை அம்மா என்றார்கள்.

எனக்கு எட்டாம் வகுப்புதான். மகள் கோகிலவாணி படித்தவள். திருப்பூரில் காலேஜில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறாள். அவள் உட்கார்ந்து உலகத்துச் செடியையெல்லாம் படித்தாள். வல்லாரையில் ஒன்று இருக்கிறது, நீர்ப்பிரமியில் ஒன்று இருக்கிறது, மஞ்சளில் ஒன்று இருக்கிறது என்பாள். உடனே நான் சாமான் வாங்கப் போய்விடுவேன். கண்ணாடிக் குழாயில் பலிக்கிறது அம்மா, எலிக்குப் பலிக்கிறது, மனுஷருக்குப் பலிக்கிறது என்று இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை என்று பின்னாலேயே கத்துவாள். எலிக்குப் பலிக்கிறது என்றதோடு நான் செருப்பைப் போட்டுக்கொண்டுவிடுவேன். நாலு மாதம் எங்கள் வீட்டில் வல்லாரைத் துவையல்தான். அவர் பேசாமல் சாப்பிட்டார். எனக்குத்தான் என்றைக்கோ மறந்துபோன கடன்காரரோடு போட்ட சண்டையெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது.

ஆனால் மஞ்சள் என்று அவள் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது அம்மிணி. ஆயுசு முழுக்க மஞ்சளை மோந்தவருக்கு மஞ்சளே மருந்து என்றால் அது மனுஷர் கண்டுபிடிக்கிற விஷயமா? திண்டல் மலை முருகன் வைத்த ஏற்பாடு இல்லையா? அன்றைக்கே மலைக்குப் போய், அவருக்கு ஞாபகத்தைக் கொடு முருகா, நான் வேறொன்றும் கேட்கவில்லை என்று விழுந்து கும்பிட்டேன்.

வீட்டு மஞ்சளைத் தின்றால் ரத்தத்தில் சேர்வதற்குள் வெளியே போய்விடுமாம். அதிலுள்ள சத்தை மட்டும் பிரித்து, உடம்பில் தங்குகிற மாதிரி மாத்திரை பண்ணி, கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி நடக்கிறது என்று கோகிலா கண்டுபிடித்தாள். அவரைச் சேர்த்தோம். ஷெரீபா என்று ஒரு டாக்டரம்மா. உன் வயசுதான் இருக்கும். குரலே உயராது. ஒரு கட்டுக் காகிதத்தை வைத்து, தமிழில்தான், ஒவ்வொரு பக்கமாகப் படித்துச் சொல்லி என்னிடம் கையெழுத்து வாங்கினார். நானும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஆனால் என் ஒரு கண் வாசலில். இவர் லிப்டுக்குள் போவதும் வருவதுமாக இருந்தார். லிப்டு மூடினால் எந்த மாடியில் போய்த் தேடுவது? காகிதத்தில் பாதி என் காதில் விழவில்லை. விழாத பாதியில்தான் விஷயமே இருந்திருக்கிறது.

உறைக்குள் பொடி அடைத்த மாத்திரை. காலை ஒன்று, சாயந்திரம் ஒன்று. சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் கொடுப்பேன். ஒரு மாதம் ஆயிற்று. ஒரு மாற்றமும் இல்லை. ஒரு அமாவாசை அன்றைக்கு மாத்திரை கைதவறித் தட்டுத் தண்ணீரில் விழுந்து, உறை கரைந்து, தண்ணீர் மஞ்சளாகிவிட்டது. மஞ்சள் தண்ணீரைக் கொட்ட மனசு வருமா? இவருக்கு ஆரத்தி சுற்றிப் போடலாம் என்று வெற்றிலைக்கு வைத்திருக்கிற சுண்ணாம்பை எடுத்து அதில் ஒரு துளி கலக்கினேன்.

சிவக்கவில்லை.

இன்னும் கொஞ்சம் போட்டேன். அப்போதும் மஞ்சளாகவே இருக்கிறது. மஞ்சள் என்றால் சுண்ணாம்பு பட்டதும் ரத்தமாகச் சிவக்க வேண்டாமா? கல்யாணத்துக்கு ஆரத்தி கரைக்கிற எந்தப் பொண்டுகளைக் கேட்டாலும் சொல்வார்கள். சரி, சுண்ணாம்பு பழசோ என்று வீட்டு மஞ்சளை ஒரு சிட்டிகை போட்டுப் பார்த்தேன். பளிச்சென்று சிவந்தது. இன்னொரு மாத்திரையை உடைத்தேன். அதுவும் சிவக்கவில்லை. மோந்தேன். மக்காச்சோள மாவு வாசம். மண்டிக்காரர் பெண்டாட்டிக்கு இதுகூடத் தெரியாதா?

அந்த டாக்டரம்மாவை எவனோ ஏமாற்றிவிட்டான். அதுதான் எனக்குத் தோன்றியது. சாயம் போட்ட மாவை மஞ்சள் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறான், இந்தப் பச்சைப் பிள்ளை நம்பி வாங்கியிருக்கிறது. நான் போய்ச் சொன்னால் பெரிய டாக்டர்கள் அந்தப் பெண்ணைத் திட்டுவார்கள், வேலையைவிட்டுக்கூட எடுத்துவிடுவார்கள். ஒரு பெண்பிள்ளையின் சோற்றில் நான் ஏன் மண்ணைப் போட வேண்டும்? சத்தம் போடாமல் நானே சரிபண்ணிவிட்டால் போகிறது.

சரிபண்ணினேன். கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு மாத்திரையாகப் பிரித்தேன். உள்ளே இருந்த மாவைக் குருவிக்குப் போட்டேன். எங்கள் வீட்டில் வேகவைத்துக் காயவைத்து அரைத்த விரலி மஞ்சள், அதோடு மிளகு கொஞ்சம். பாலில் மஞ்சள் போட்டால் மிளகு போடாமல் கொடுப்போமா? குங்குமக் கரண்டியால் அள்ளி அள்ளி அடைத்தேன். ஒரு மாத்திரைக்கு ஒரு முருகா. ஒரு புட்டிக்கு அறுபது முருகா. என் நகக்கண்ணெல்லாம் மஞ்சள். புட்டி தீரத் தீர அவர்களும் புதுசு கொடுத்தார்கள், நானும் பிரித்து அடைத்துக்கொண்டே இருந்தேன்.

பதினோராம் நாள்.

அன்றைக்குக் காலையில் காப்பி கொண்டுபோகிறேன். மனுஷர் எழுந்து நின்றார் அம்மிணி. எனக்கு எழுந்து நின்றார். சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க பேரென்னங்க?"

நாற்பத்தொரு வருஷம். சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, பூவாத்தாளுங்க என்றேன்.

"நல்ல பேருங்க" என்றார்.

அவ்வளவுதான். காப்பியைக் குடித்தார். நான் அடுப்படிக்கு வந்து பாலைப் பொங்கவிட்டேன். பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததுகூடத் தெரியவில்லை. மத்தியானத்துக்குள் பேர் மறந்துவிட்டது. மறுநாள் காலையில் மறுபடியும் எழுந்து நின்றார். மறுபடியும் கேட்டார். மறுபடியும் நல்ல பேர் என்றார். நாலரை மாதமாகத் தினம் காலையில் இது நடக்கிறது. நான் இப்போதெல்லாம் காப்பி கொண்டுபோகும் முன் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொள்கிறேன். சிரிக்காதே. நீயும் வைத்துக்கொள்வாய்.

இன்னும் கேள். நான் சாப்பிட்டேனா என்று கேட்கிறார். முறுக்கு கொடுத்தால் பாதி ஒடித்துக் காகிதத்தில் சுற்றி எனக்கென்று வைக்கிறார். பக்கத்து வீட்டு வேலியில் பூக்கிற கனகாம்பரத்தைப் பறித்து வந்து, நேராகக் கையில் கொடுக்க வெட்கப்பட்டு, அம்மிக்கல் மேல் வைத்துவிட்டு ஓடிவிடுகிறார். பக்கத்து வீட்டம்மா கேட்டதற்கு, எனக்கே ஒன்றும் தெரியாது என்றேன். பொய். சாமி மன்னிக்கட்டும். இப்போது என் தலையில் இருப்பதும் அந்தப் பூதான்.

பங்குனியில் ஒரு நாள், நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் தள்ளி வந்து நின்றார். யாராவது கேட்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"இந்த ஊட்டுக்காரரு நல்லவருதானுங்க. ஆனா பேச மாட்டாரு. அதுக்காவ நீங்க மனசு சங்கடப்படாதீங்க. உங்களைப் பத்தி உள்ளுக்குள்ள நல்லாத்தான் நெனச்சிருப்பாரு. சொல்லத் தெரியாது, அவ்வளவுதான்."

யாரைச் சொல்கிறார் பார். அவரைத்தான் அவரே சொல்கிறார்.

நான் முறத்தைக் கீழே வைக்கவில்லை. "உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டேன்.

"பார்த்தாத் தெரியுதுங்க" என்றார்.

அரிசி முழுக்கக் கல்லாகவே தெரிந்தது எனக்கு. பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகு நேரம் முகம் கழுவினேன். கழுவிவிட்டு வந்து சிரித்தேன். பிறகு வேறென்ன செய்வது?

கோகிலாவுக்குப் போன் பண்ணி, மருந்து கேட்கிறது கண்ணு என்று எல்லாவற்றையும் சொன்னேன். பூ விஷயத்தை மட்டும் சொல்லவில்லை, பெற்ற மகளிடம் எப்படிச் சொல்வது. அந்தப் பக்கம் அவள் அழுகிறாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நானும் கொஞ்சம் அழுதேன். அவள் என்னவோ, அப்பா உன்னையே மறந்துட்டாரேம்மா என்கிறாள். மறந்தால் மறக்கட்டும், ஞாபகம் வைத்திருந்தபோது மட்டும் என்ன... சேச்சே. அப்படி நான் சொல்லவில்லை அம்மிணி. நாக்கு நுனிவரை வந்தது, கடித்துக்கொண்டேன்.

இன்றைக்கு ஆறு மாதம் முடிந்து கடைசிப் பரீட்சை. அவருக்கு வெள்ளை வேட்டி கட்டி, கோயிலுக்குப் போய், ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தோம். முன்பின் தெரியாத இந்தம்மா நம்மை ஏன் கூட்டிப்போகிறார் என்று நினைப்பாரோ என்றுதான் எனக்குக் கவலை. ஆனால் அவர், நீங்கள் தனியாகப் போக வேண்டாம், துணைக்கு நான் வருகிறேன் என்றார். யாருக்கு யார் துணை பார்.

டாக்டரம்மா ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். இவர் வட்டத்தை அழகாகப் போட்டார். எண்களெல்லாம் ஒரே பக்கத்தில் கூடிவிட்டன, பஸ் வருகிற பக்கம் ஜனம் நெருக்குவதுபோல. இது என்ன மாதம் என்றார். இவர் என்னைப் பார்த்தார். நான் வாயசைத்து ஆடி என்றேன். டாக்டரம்மா பார்த்துவிட்டார், காட்டிக்கொடுக்கக் கூடாது அம்மா என்றார். கடைசியில் என்னைக் காட்டி, இவங்க யாருங்கய்யா என்று கேட்டார்.

இவர் எழுந்து நின்றார். காது சிவந்துவிட்டது.

"காலையில பேரு சொன்னாங்க. நல்ல பேருங்க, மறந்துட்டேன்." அப்புறம் டாக்டரம்மா பக்கம் குனிந்தார். "இவங்க ஊட்டுல பெரியவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா? ஒரு சேதி பேசோணும்."

சிரிப்பில் புரையேறியது அப்போதுதான். என்னைப் பெண் கேட்கப் போகிறார் அம்மிணி. பெரியவர்களைப் பார்த்து முறையாகக் கேட்க வேண்டும் என்று மனசில் வைத்திருக்கிறார். முதல் தடவை இவர் வீட்டிலிருந்து கேட்டு வந்தபோது இவர் வரவே இல்லை. மண்டியில் வேலை என்று மாமனார் மட்டும் வந்தார்.

டாக்டரம்மாவும் சிரித்தார், ஆனால் கண் கலங்கியிருந்தது. பன்னிரண்டு என்றார். நான் கை தட்டப் போனேன். முப்பதுக்கு என்றார். ஆறு மாதத்துக்கு முன் பதினெட்டு வாங்கினாராம்.

நோய் கூடியிருக்கிறது அம்மா என்று அவர் மெதுவாகச் சொன்னபோது, எனக்கு மனசு கேட்கவில்லை. இல்லைங்க, நன்றாகக் குணமாகியிருக்கிறார், அது உங்கள் மாத்திரையால் இல்லை, எங்கள் மஞ்சளால் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். சுண்ணாம்பு, மாவு, குங்குமக் கரண்டி, குருவி, எல்லாவற்றையும். ஏமாற்றினவனைப் பிடியுங்கள், ஆனால் உங்கள் பேர் வெளியே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன்.

பேனாவைக் கீழே வைத்தார். நெற்றியைப் பிடித்துக்கொண்டார். திட்டவே இல்லை. அப்போதுதான் எனக்கு விளக்கினார். சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு. யாருக்கு எது என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற அவருக்கும் தெரியாது. அப்படி இருந்தால்தான் மருந்து நிஜமாகவே வேலை செய்கிறதா, நம்பிக்கை வேலை செய்கிறதா என்று பிரித்துப் பார்க்க முடியுமாம். கோயிலில் திரை போட்டு அலங்காரம் பண்ணுவார்களே, அதுபோல என்று நினைத்துக்கொண்டேன். திரைக்குள் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாது, ஆனால் தப்பாக ஒன்றும் நடக்காது. நான்தான் திரையை விலக்கிப் பார்த்தவள். ரொம்ப வெட்கமாகப் போயிற்று. அவர் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன்.

எங்கெங்கோ போன் பண்ணி, பெரிய டாக்டர்களிடம் சொல்லி, இவருக்குக் கொடுத்தது எது என்று எழுதி ஒட்டிவைத்திருந்த கவரை மட்டும் பிரித்துப் பார்த்தார்கள். மாவுதான். சுண்ணாம்பு பொய் சொல்லவில்லை. டாக்டரம்மா அந்தச் சுண்ணாம்பு விஷயத்தை இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார். மற்ற வீடுகளிலும் ஆரத்தி கரைத்துப் பார்த்திருந்தால் எங்கள் ஆராய்ச்சி என்னம்மா ஆகும் என்று அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அவர் மாறினாரே, அது எதனால் என்று கேட்டேன். அதுவும் நோய்தான் அம்மா, சிலரை முரடாக்கும், சிலரை இளக்கிவிடும், மருந்தும் இல்லை, உங்கள் மஞ்சளும் இல்லை என்றார். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அவர் மஞ்சள் அரைத்துப் பார்த்தவரில்லையே.

இவரை இனி ஆராய்ச்சியில் சேர்க்க முடியாதாம். ஆனாலும் மாவு சாப்பிட்டவர்களுக்கு முடிவில் நிஜ மருந்து தருகிறோம் என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தது எழுதிக் கொடுத்ததுதான் என்று இந்த ஆறு புட்டியையும் கொடுத்தார். பலிக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது, பலிக்காமலும் போகலாம் என்று நாலு தடவை சொன்னார். நான் ஒன்றுதான் கேட்டேன்.

"பலிச்சா, அவருக்கு என்னை யாருன்னு தெரிஞ்சுருமுங்களா?"

"அதுக்குத்தானேம்மா நாங்க எல்லாரும் இத்தனை பாடுபடறோம்" என்றார்.

நானும் ஆமாம் என்றேன். ஆமாம்தானே. வேறென்ன சொல்வது. இந்தா என்று கூப்பிட்டாலும் என் புருஷன்தானே. சோறு, தண்ணி, சாவி என்றாலும் அவர்தானே. ஞாபகம் வந்தால் மண்டிக்குப் போவார், பிள்ளைகளை அடையாளம் தெரியும், கோகிலா சந்தோஷப்படுவாள். எல்லாம் நல்லது. கும்பிடும்போது மட்டும் இப்போதெல்லாம் எனக்கு நடுவில் நின்றுவிடுகிறது. அவருக்கு ஞாபகத்தை என்று ஆரம்பித்து, மேலே போகாமல், எது நல்லதோ அதைச் செய் முருகா என்று முடித்துக்கொள்கிறேன். முருகனுக்கு விளக்கமாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதுவும் இன்றைக்கு ஆடி நாலு. ஆடியில் யாராவது புதுசாக ஒன்றை ஆரம்பிப்பார்களா? டாக்டரம்மா முஸ்லிம், அவருக்கு இது தெரியாது. அவரைக் குறை சொல்லவில்லை. நம் முறை நமக்கு. ஆடி பூராவும் வேண்டாம். கல்யாணமான புதுசில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஆடிக்குப் பிரித்து வைப்பார்கள், எங்களையும் வைத்தார்கள், இவர் ஒரு கடுதாசிகூடப் போடவில்லை. ஆவணி பிறக்கட்டும். ஆவணியில் நல்ல நாள் பார்க்க வேண்டும், ஜோசியர் வேறு ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். புரட்டாசியிலும் புதுசு ஆகாது. ஐப்பசி அடைமழையில் மருந்து உடம்பில் எப்படிப் பிடிக்கும்? அதுவரைக்கும் வீட்டு மஞ்சளையே பாலில் கொடுக்கிறேன். அதைக் கொடுக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையே.

உனக்குக் கண் நன்றாகத் தெரியும். இந்தப் புட்டியில் அடியில் பொடி எழுத்தில் தேதி போட்டிருக்கும், எத்தனை நாளைக்குக் கெடாது என்று பார்த்துச் சொல்.

இரண்டு வருஷமா? இன்னொரு தடவை பார். வருஷம்தானா?

அப்படியென்றால் என்ன அவசரம்.

பெருந்துறை தாண்டிவிட்டதா? பேசிக்கொண்டே வந்ததில் தெரியவே இல்லை. அதோ எழுந்துவிட்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு வருகிறார். நீ ஒன்றும் கேட்கிற மாதிரி வைத்துக்கொள்ளாதே அம்மிணி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள். கூச்சப்படுவார்.

ஏனுங்க?

நான் எங்க இறங்கோணுமுன்னா கேக்கறீங்க?

நீங்க இறங்குற எடத்துலதானுங்க.